யாழ்ப்பாண நிரையில் இருப்பதும் இல்லாததும்: வாராந்த தொற்றுநோயியல் அறிக்கை பற்றி ஒரு மதிப்பீடு

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு கொழும்பிலிருந்து கிழமைக்கு ஒரு தாள் வெளியிடுகிறது. வாராந்த தொற்றுநோயியல் அறிக்கை. நாலு பக்கம், விலை கிடையாது, இணையத்தளத்தில் பீ.டி.எஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். முன்பக்கத்தில் ஒரு நோயைப் பற்றிய கட்டுரை இருக்கும். பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆட்கள் தேடுவது உள்ளேயுள்ள அட்டவணையை, அதிலும் எங்கள் ஊரவர் தேடுவது ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரேயொரு நிரையை. மாரி தொடங்கிவிட்டால் அந்த நிரையின் டெங்கு எண் பத்திரிகைக்குப் போகும், பிரதேச சபைக் கூட்டத்துக்குப் போகும், மேடைக்கும் போகும். எண் ஏறினால் சுகாதாரப் பகுதி தூங்குகிறது என்பார்கள். இறங்கினால் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது என்பார்கள்.

இந்த இரண்டு முடிவையும் இந்தத் தாளை வைத்து எடுக்க முடியாது. நோயாளரை எண்ணுவதற்கு இது நல்ல கருவி. இவ்வளவு காலம் விடாமல் இதை வெளியிட்டு வருவதற்கே ஒரு மதிப்புக் கொடுக்க வேண்டும். நோய்க்கட்டுப்பாட்டு வேலை நடந்ததா, பயன் தந்ததா என்பதைச் சொல்ல இதில் ஒரு நிரல்கூட இல்லை. அதற்கான எண்கள் வேறு இடத்தில், பெரும்பாலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கோப்புகளுக்குள் கிடக்கின்றன.

முதலில் அட்டவணையின் அமைப்பு. மொத்தம் 26 நிரைகள்: 25 மாவட்டங்களும், அம்பாறையிலிருந்து பிரித்துக் காட்டப்படும் கல்முனையும். ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு நிரல்கள். ‘ஏ’ என்பது அந்தக் கிழமை பதிவானவர்கள், ‘பி’ என்பது அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து சேர்ந்த தொகை. கிழமை என்பது இங்கே சனியில் தொடங்கி வெள்ளியில் முடிவது. முகப்பில் அச்சிட்டிருக்கும் திகதியும் அட்டவணையின் திகதியும் ஒன்றல்ல. அட்டவணையில் இருப்பது முகப்புத் திகதிக்கு முந்திய ஒரு கிழமையின் கணக்கு. எண்ணை எடுத்து எழுதுபவர்கள் அட்டவணையின் தலைப்பில் உள்ள திகதியைத்தான் எழுத வேண்டும். இந்தச் சின்ன விசயத்திலேயே பாதிச் செய்திகள் பிழையாகிவிடுகின்றன.

அந்த எண் எப்படி அங்கே வந்து சேர்கிறது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்பது பிடிபடும். 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, அறிவிக்க வேண்டிய நோய் என்று சந்தேகம் வந்தாலே வைத்தியர் அறிவிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விடுதியில் எச் 544 என்ற அட்டையை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார்கள். அங்கே பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ) கொடுப்பார்கள். பி.எச்.ஐ வீட்டுக்குப் போய் விசாரித்து, எச் 411 படிவத்தில் எழுதி, நோய் உறுதி என்றால் அது தொற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறும். வெள்ளிக்கிழமை கணக்கை முடித்து எச் 399 என்ற வாராந்தத் திரட்டில் கொழும்புக்கும் பிராந்தியத் தொற்றுநோயியலாளருக்கும் போகும். நீங்கள் பார்க்கும் ‘ஏ’ இந்தக் கடைசிப் படியில் பிறந்த எண்.

சங்கிலியில் அதிகம் அறுபடும் இடம் முதலாவது கண்ணி, அதாவது முகவரி. அட்டையில் ‘கோவில் வீதி, யாழ்ப்பாணம்’ என்று மட்டும் இருந்தால் அந்தப் பி.எச்.ஐ எந்தக் கோவிலைத் தேடுவது? அடையாள அட்டையில் உள்ள நிரந்தர முகவரியை எழுதிவிட்டால் இன்னும் மோசம். கொழும்பில் படிக்கும் பிள்ளை காய்ச்சலோடு ஊருக்கு வந்து படுத்தால், கடித்த நுளம்பு வெள்ளவத்தையில், எண் யாழ்ப்பாணத்தில். நல்லூரில் வாடகைக்கு இருப்பவருக்குப் பருத்தித்துறை முகவரி எழுதினால், பருத்தித்துறையில் நுளம்பு தேடுவார்கள். நல்லூரில் அது பாட்டுக்குப் பெருகும். அட்டையில் கைத்தொலைபேசி எண், காய்ச்சல் தொடங்கிய திகதி, அதற்கு முந்தின பத்து நாளும் எங்கே தங்கினார் என்ற மூன்றும் இருந்தால் மிச்சத்தைப் பி.எச்.ஐ பார்த்துக்கொள்வார். நோயாளியோடு நிற்பவர்கள் கேட்காமலே இதைத் தாதியிடம் சொல்லி எழுதுவிப்பது நல்லது.

அடுத்தது பிந்துதல். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு கடித்து 4 தொடக்கம் 10 நாளில் காய்ச்சல் வரும். மூன்றாம் நாலாம் நாளில்தான் பலர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அட்டை போய், வீட்டு விசாரணை முடிந்து, வெள்ளிக்கிழமை வந்து, தாள் வெளியாக மொத்தம் மூன்று நாலு கிழமை ஓடிவிடும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு ஆக 7 தொடக்கம் 10 நாள் போதும். ஆகவே இந்தத் தாளில் எண் ஏறியதைக் கண்டபிறகு சிரமதானம் வைப்பவர்கள், இரண்டு மூன்று தலைமுறை கழித்து நுளம்பைத் தேடுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ஏறப்போகும் எண்ணுக்கான வேலை புரட்டாதிக்குள் முடிந்திருக்க வேண்டும். தாளைப் பார்த்து வேலை தொடங்குவது இந்த நோய்க்குச் சரிவராது.

பத்திரிகையில் ஓர் எண், இந்தத் தாளில் வேறோர் எண் என்று ஒவ்வொரு வருசமும் ஒரு சண்டை நடக்கும். இரண்டும் சரியாக இருக்கலாம். தேசிய டெங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவு வெளியிடுவது ஆஸ்பத்திரிகள் நேரடியாக இணையத்தில் ஏற்றும் எண்ணிக்கை. விரைவாக வரும், சந்தேக நோயாளரும் அதில் அடங்குவர். வாராந்தத் தாளில் உள்ளது கள விசாரணை கடந்து வந்த எண்ணிக்கை. பிந்தி வரும், கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். எதை எடுத்தாலும் வருசம் முழுக்க ஒன்றையே எடுக்க வேண்டும். தை மாதத்துக்கு ஒன்று, மாசிக்கு மற்றது என்று கலந்தால் இல்லாத ஏற்றமும் இறக்கமும் தெரியும்.

அட்டவணையின் வலது கோடியில் ‘டி’ (T), ‘சி’ (C) என்று இரண்டு நிரல்கள் இருக்கின்றன. இவற்றை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் கணிப்பில் இந்தத் தாளிலேயே ஆகப் பெறுமதியானவை இவைதான். ‘டி’ என்பது வாராந்தத் திரட்டை உரிய நாளுக்குள் அனுப்பிய பணிமனைகளின் வீதம், ‘சி’ என்பது முழுமை. மாவட்டத்தில் பதினைந்து பணிமனை என்று வைத்தால், ஒன்று பிந்தினாலே ‘டி’ 93 ஆகிவிடும். 93 நல்ல மதிப்பெண் போலத்தான் தெரியும். பிந்தியது நெடுந்தீவு என்றால் பாதகமில்லை, யாழ் மாநகரமோ நல்லூரோ என்றால் அந்தக் கிழமை டெங்கு எண்ணின் பெரும் பங்கே வரவில்லை என்று அர்த்தம். பிந்தி வந்தவை பிறகு ‘பி’யில் சேரும். ஒரு எளிய சோதனை: போன கிழமை ‘பி’யோடு இந்தக் கிழமை ‘ஏ’யைக் கூட்டுங்கள். இந்தக் கிழமை ‘பி’ அதைவிடக் கூடவாக இருந்தால், வித்தியாசம் பிந்தி வந்ததோ திருத்தப்பட்டதோ ஆகும். குறைவாக இருந்தால் எங்கோ இரட்டைப் பதிவு கழிக்கப்பட்டிருக்கும். இதனால் ஒரு கிழமை எண்ணைப் பார்த்து எதுவும் சொல்லக் கூடாது. நாலு கிழமைச் சராசரி எடுத்தால்தான் பேசலாம். தீபாவளி, நத்தார், பொங்கல் வரும் கிழமைகளில் எண் விழுவது நுளம்புக்கு விடுமுறை என்பதால் அல்ல.

மாவட்டங்களை ஒப்பிடுகிறவர்களுக்கும் ஒரு சொல். தாளில் சனத்தொகை வீதம் கிடையாது, வெறும் தலைக்கணக்கு மட்டும். யாழ் மாவட்டத்தின் சனத்தொகை கிட்டத்தட்ட ஆறு லட்சம். கம்பஹா அதைப்போல் நாலு மடங்கு. உதாரணத்துக்கு யாழ்ப்பாணத்தில் 60 பேரும் கம்பஹாவில் 120 பேரும் என்றால், தாளில் கம்பஹா இரண்டு மடங்காகத் தெரியும். லட்சம் பேருக்கு என்று பிரித்தால் இங்கே 10, அங்கே 5. முல்லைத்தீவு போன்ற சின்ன மாவட்டத்தில் ஐந்து பேர் கூடினாலே வீதம் பாயும் என்பதையும் மறக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்தை யாழ்ப்பாணத்தோடே ஒப்பிடுவதுதான் பயனுள்ளது. அதற்குத் தாளின் பழைய இதழ்கள் இணையத்தளத்தில் கிடைப்பது பெரிய வசதி. கடந்த ஐந்து வருசத்தில் இதே கிழமையும் அதற்கு முன் பின் ஒவ்வொரு கிழமையும் எடுத்தால் 15 எண்கள் வரும். சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குங்கள். எட்டாவது வழமை, பன்னிரண்டாவது எச்சரிக்கைக் கோடு. இந்தக் கிழமை எண் அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று கிழமை நின்றால் வழமைக்கு மீறிய பரவல் என்று சொல்லலாம். சராசரியோடு இரண்டு மடங்கு நியம விலகலைக் கூட்டும் முறையும் உண்டு. அதில் ஒரு பொறி: நாடு முழுவதும் 186,101 பேர் பதிவான 2017 போன்ற ஒரு வருசம் கணக்கில் புகுந்தால் கோடு வானத்துக்குப் போய்விடும், பிறகு எந்தப் பரவலும் அதைத் தொடாது. கொவிட் முடக்க வருசங்கள் எதிர்ப்பக்கமாக இழுக்கும். அடுக்கிப் பார்க்கும் முறை இந்த இரண்டுக்கும் அவ்வளவு அசையாது.

டெங்கைத் தவிர மற்ற நிரல்களில் எங்கள் பகுதிக்கு முக்கியமானவை மூன்று: உண்ணிக் காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல், எலிக்காய்ச்சல். உண்ணிக் காய்ச்சலில் யாழ்ப்பாணம் நாட்டின் முன்வரிசை மாவட்டங்களில் ஒன்று. குறை என்னவென்றால், பற்றைகளில் இருக்கும் சிற்றுண்ணியால் வருவதும் எலித் தெள்ளால் வருவதும் ஒரே நிரலுக்குள் கிடக்கின்றன. ஒன்றுக்குப் பற்றை வெட்ட வேண்டும், மற்றதுக்கு வீட்டு எலியையும் தெள்ளையும் பார்க்க வேண்டும். எண் ஏறியது தெரியும், எதைச் செய்வது என்று தெரியாது. நெருப்புக் காய்ச்சல் எண்ணைக் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் உள்ள தூரத்தோடு சேர்த்து வாசித்தால்தான் பொருள் வரும். அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டி வீட்டோடு இருப்பவர்கள் கொப்புளிப்பான் நிரலில் எப்படி வருவார்கள்? தனியார் வைத்தியரிடம் போய் மாறியவர்களும் பெரும்பாலும் வரமாட்டார்கள். ஆக, அந்த நிரல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் எண்ணிக்கை என்றே எடுக்க வேண்டும்.

எலிக்காய்ச்சல் இந்தத் தாளின் எல்லையைக் காட்டும். 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் சில நாள்களுக்குள் காய்ச்சலால் பலர் இறந்தார்கள். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. இப்படியான வேளையில் அட்டவணை உதவாது. அதில் இறப்பு நிரலே இல்லை, வயதில்லை, தொழிலில்லை, கிராம அலுவலர் பிரிவில்லை. விடுதியில் நிற்கும் வைத்தியர் ‘ஒரே மாதிரி மூன்றாவது ஆள்’ என்று தொலைபேசியில் சொல்வதுதான் அங்கே கண்காணிப்பு. வயலில் இறங்குவோருக்குக் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் தடுப்பு மருந்து கொடுக்கும் வேலையை அட்டவணை பார்த்துத் தொடங்கினால் கதிர் அறுத்து முடிந்திருக்கும்.

இனி, இந்தத் தாளில் இல்லாத பகுதி. நுளம்புக் கட்டுப்பாடு பயன் தந்ததா என்று அறிய குடம்பிக் (நுளம்புப் புழு) கணக்கெடுப்பு வேண்டும். 100 வளவு பார்த்தார்கள், 8 வளவில் குடம்பி. தண்ணீர் நின்ற பாத்திரம் 240, அதில் குடம்பி இருந்தது 12 என்று வைப்போம். வளவுச் சுட்டி (100 வளவில் குடம்பி இருந்தவை) 8, பாத்திரச் சுட்டி (100 பாத்திரத்தில் குடம்பி இருந்தவை) 5, பிரெட்டோ சுட்டி 12. பிரெட்டோ என்பது 100 வளவுக்கு எத்தனை பாத்திரத்தில் குடம்பி என்பது. மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாத்திரச் சுட்டியை மட்டும் சொல்பவர் தனக்கு வசதியானதைச் சொல்கிறார்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, பூட்டிக் கிடக்கும் வீடு. சொந்தக்காரர் கனடாவில், திறப்பு ஒன்றுவிட்ட சகோதரத்திடம், அவர் கிளிநொச்சியில். பீலி அடைத்துக் கிடக்கும், தாங்கி மூடியில்லாமல் கிடக்கும், கக்கூஸ் தண்ணீர்ப் பெட்டியில் குடம்பி நெளியும். பார்க்கப் போனவர்கள் ‘பூட்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பூட்டிய வீடு கணக்கில் வராதபடியால் சுட்டி அழகாக இறங்கும். 100 வளவில் 30 பூட்டு என்றால் அந்தச் சுட்டியை நம்பக் கூடாது. இரண்டாவது, கிணறு. பிரெட்டோ கணக்கில் ஒரு யோகட் கோப்பையும் ஒரு கிணறும் ஒவ்வொன்றுதான். கோப்பையில் பத்துக் குடம்பி, கிணற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஈடிஸ் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதும் இங்கே முழுதாகப் பொருந்தாது. குடாநாட்டின் உவர்க் கிணறுகளிலும் அதன் குடம்பிகள் வளர்வதை யாழ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே குடம்பிச் சுட்டியோடு, ஆளுக்கு எத்தனை கூட்டுப்புழு என்ற கணக்கையும் கேட்க வேண்டும். அதுதான் பறக்கப்போகும் நுளம்புக்குக் கிட்டவான எண்.

செலவிட்ட மருந்தின் அளவைச் சாதனையாக எழுதுவது இன்னொரு பழக்கம். ‘இத்தனை கிலோ டெமிபோஸ்’ (குடம்பி கொல்லும் மருந்து) என்று அறிக்கையில் வந்தால் பிரித்துப் பாருங்கள். 1 வீதம் மருந்துள்ள குருணை என்றால் 10 லீற்றருக்கு 1 கிராம். விட்டம் 2 மீற்றர், தண்ணீர் ஆழம் 3 மீற்றர் என்றால் கிணற்றில் ஏறத்தாழ 9,400 லீற்றர்; மருந்து 940 கிராம் வேண்டும். பத்துக் கிலோ பத்துக் கிணற்றுக்குக் கூட மட்டுமட்டு. மழை விழுந்து தண்ணீர் ஏற அளவும் நீர்த்துப்போகும். நாளாந்தம் அள்ளுகிற கிணற்றில் மீன் விடுவது மலிவு, மறுபடி போய் மீன் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் லேசு. புகையூட்டல் எண்ணிக்கையும் இப்படியே: புகை பறக்கிற நுளம்பை மட்டும் கொல்லும், குடம்பிக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை முறை புகை அடித்தோம் என்பது செலவுக் கணக்கு.

பூச்சியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலேரியா 2012 ஐப்பசிக்குப் பிறகு உள்ளூரில் தொடர்ந்து பரவவில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் தந்தது. அதே ஆண்டு முடிவில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு யாழ் குடாநாட்டிலும் கிடைத்தது. கிணற்றிலும் தாங்கியிலும் வளரும் இனம். இனி மலேரியாவில் கேட்க வேண்டியது எத்தனை நோயாளர் என்பதல்ல, எத்தனை பேருக்கு இரத்தம் பார்த்தீர்கள் என்பது. பார்க்காவிட்டாலும் பூச்சியம்தான் வரும்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு இதே தாளின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்கள் அங்கே மாகாண வாரியாக வருகின்றன; வடக்கின் ஐந்து மாவட்டமும் ஒரே நிரல். அதில் திடீர்த் தளர்வாதம் என்று ஒன்று உண்டு. 1993 இற்குப் பிறகு இலங்கையில் போலியோ இல்லை. ஆனாலும் 15 வயதுக்குட்பட்ட லட்சம் பிள்ளைகளுக்கு வருசம் ஒருவராவது போலியோ அல்லாத தளர்வாதத்தோடு பிடிபட வேண்டும். திடீரெனக் கை கால் தளர்ந்த பிள்ளை ஒவ்வொன்றையும் கண்டு, 14 நாளுக்குள் 24 மணி இடைவெளியில் இரண்டு மல மாதிரி எடுத்தார்களா என்பதே அளவுகோல். வடக்கு நிரலில் வருசக் கடைசி வரை பூச்சியம் என்றால் அதைக் கவலையோடு வாசிக்க வேண்டும். நோய் எண்ணிக்கையை வைத்தே கண்காணிப்பைச் சோதிக்கும் இந்த ஒழுங்கு டெங்குக்கும் வந்தால் நன்று.

தாளின் வேறு குறைகள்: ஆங்கிலத்தில்தான் வருகிறது, அட்டவணை பீ.டி.எஃப் என்பதால் எண்களைக் கையால் ஏற்ற வேண்டும்; மாவட்டத்துக்குக் கீழே இறங்காது. ஊடகத்தாருக்கும் மாணவருக்கும் இது போதும். பிரதேச சபை உறுப்பினருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் போதாது. அவர்கள் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உரிய பணிமனையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ‘டெங்கு விபரம் தரவும்’ என்று எழுதினால் தாளில் உள்ளதையே திருப்பி அனுப்புவார்கள். கிராம அலுவலர் பிரிவு வாரியாக, மாதம் பிரித்து, இவற்றைக் கேளுங்கள்: பார்த்த வளவு, பூட்டிக் கிடந்த வளவு, குடம்பி இருந்த வளவு, எந்த வகைப் பாத்திரத்தில் இருந்தது, ஒரு கிழமை கழித்து மறுபடி பார்த்த வளவு எத்தனை, அட்டை கிடைத்த நாளிலிருந்து வீட்டு விசாரணைக்கு எடுத்த நாள்களின் இடைநிலை. நோயாளர் பெயர், முகவரி கேட்க வேண்டாம். தரவும் மாட்டார்கள், தரவும் கூடாது. புரட்டாதி மாதக் கணக்கை ஐப்பசி முதல் கிழமையிலேயே கேட்டு எழுதினால், பதில் கைக்கு வரும்போது மழைக்கு முன் பூட்டிய வீடுகளைத் திறப்பிக்கக் கொஞ்ச நாளாவது மிஞ்சும்.